அளவுக்காரம்மா கேட்ட ஒரு சந்தேகம்

இரண்டு காலும் ஒரே அளவில் இருப்பவர்களுக்கு ஊரில் எத்தனையோ செருப்புக் கடைகள் இருக்கின்றன. ஒரு கால் குட்டை, பாதம் தட்டை, விபத்தில் விரல் போனது, பிறவியிலேயே உள்பக்கம் மடங்கியது என்று இருப்பவர்களெல்லாம் பேருந்து நிலையத்துக்குப் பின்னால் இருக்கிற அந்தச் சின்னக் கடைக்குத்தான் வருவார்கள். கடைக்கார அம்மாவுக்கு ஒரு நல்ல பெயர் இருந்தது. ஆனால் வந்தவர்கள் எல்லோரும் 'அளவுக்காரம்மா' என்றே கூப்பிட்டார்கள். அவளும் அதற்கே திரும்பிப் பார்க்கப் பழகிவிட்டாள்.

வந்தவர் பாதத்தைக் கண்ணாடித் தட்டின் மேல் வைக்கச் சொல்லிப் படம் எடுப்பாள். படம் மூலையில் இருக்கும் பழைய கணினிக்குப் போகும். கணினி சொல்கிறபடி பக்கத்து இயந்திரம் ரப்பர் கட்டையைக் கடைந்து, அந்தப் பாதத்துக்கு மட்டுமே பொருந்துகிற உள்ளடியைத் தள்ளும். மேல்தோல் வைத்துத் தைப்பது வீட்டுக்காரரின் வேலை. அவர் அதிகம் பேசமாட்டார். பேச ஆசை இருந்தாலும் வாயில் எப்போதும் நாலைந்து ஆணிகள் இருக்கும்.

ஒரு நாள் கணினியின் ஹார்ட் டிஸ்க், அதாவது வட்டு, படுத்துவிட்டது. தகவல்களுக்கு நகல் இருந்தது, இயங்குதளம்தான் போய்விட்டது. உலகமெங்கும் இருக்கும் ஆட்கள் சும்மா எழுதிச் சும்மா கொடுக்கிற இயங்குதளம் அது. அதை முதலில் அந்தக் கணினியில் ஏற்றிக் கொடுத்தவள் நாத்தனார். வீட்டுக்காரருக்குத் தங்கை, சரக்குக் கப்பலில் இன்ஜினியர். அவள் ஏதோ ஒரு துறைமுகத்திலிருந்து ஃபோனில் வழி சொன்னாள். பரணில் கிடந்த ஒரு சின்ன வட்டை மாட்டி, மூல நிரலை இறக்கி, அந்தக் கணினிக்குத் தோதான இயங்குதளமாக அதிலேயே அரைத்து எடுக்க வேண்டும். கம்பைல் பண்ணுவது என்று அதற்குப் பெயர்.

அளவுக்காரம்மா காலையில் அரைக்கப் போட்டாள். கணினி நாள் முழுக்க மூச்சு வாங்கியது. சாயங்காலம் கடை சாத்துகிற நேரத்தில், ஏதோ ப்ரொஃபைலிங் லைப்ரரி என்று வரிவரியாக ஓடிக்கொண்டிருந்தபோது, 'வட்டில் இடமில்லை' என்று சொல்லிவிட்டு நின்றுபோனது.

"லைப்ரரியா?" வீட்டுக்காரர் வாயிலிருந்த ஆணிகளைக் கையில் எடுத்துக்கொண்டார். "இங்க நமக்கே கால் நீட்ட எடமில்ல. இதுல அதுக்கு லைப்ரரி வேறயா?"

நாத்தனார் ஃபோனில் சிரித்தாள். "அது புத்தக லைப்ரரி இல்ல அண்ணி. எல்லா நிரலும் பொதுவா எடுத்துப் பயன்படுத்துற துண்டு நிரல்கள். அதையே ரெண்டாவது தடவையா, நேரம் அளக்குற வசதியோட அரைச்சு வைக்கும். நிரல் எழுதறவங்க, தங்களோட நிரல் எந்த எடத்துல நேரத்தை முழுங்குதுன்னு கண்டுபிடிக்க அது. நீங்க செருப்பு தைக்கிறவங்க, உங்களுக்கு எதுக்கு? அமைப்புக் கோப்புல ஒரு வரி போட்டா அதை விட்டுட்டு மேல போயிடும். நான் சொல்றேன், எழுதிக்கோங்க."

அளவுக்காரம்மா எழுதிக்கொண்டாள்.

"இதை விட்டுட்டா கடையற மெஷினுக்கு ஒண்ணும் ஆகாதே?"

"ஆகாதுன்னுதான் நெனைக்கிறேன். எதுக்கும் உங்க ஊர்ல இதைப் பயன்படுத்துறவங்க நடத்துற பயனர் கழகம்னு ஒண்ணு இருக்கு பாருங்க, அங்க ஒரு வார்த்தை..."

கப்பல் புறப்பட்டுவிட்டது. ஃபோன் அறுந்தது. அந்த 'எதுக்கும்' என்கிற சொல்லில்தான் சனி உள்ளே புகுந்தான்.

கடையில் அப்போது அவசரமாகக் காத்திருந்தவர் ஒரு பேருந்து நடத்துநர். இடது கால் வலதைவிடக் குட்டை. அளவுக்காரம்மா செய்து கொடுத்த பூட்ஸைப் போட்டால் ஒருவருக்கும் தெரியாது. ஓடுகிற வண்டியில் கம்பியைப் பிடிக்காமலே நடந்து சீட்டுக் கிழிப்பார். அந்தப் பூட்ஸ் இப்போது அடியோடு பிளந்துபோனதால், ரப்பர் செருப்பில் விந்திக்கொண்டிருந்தார். பணிமனை மேலாளர் கண்ணில் அது பட்டுவிட்டது. சீக்கிரமே நடைப் பரிசோதனை வைப்பேன், தேறாவிட்டால் வண்டியிலிருந்து இறக்கி உதிரிப்பாகக் கிடங்கில் உட்கார வைப்பேன் என்று சொல்லியிருந்தார்.

"கிடங்குல ஜன்னல்கூட இல்லம்மா," என்றார் நடத்துநர். "அங்க யார்கிட்ட போய் 'உள்ள தள்ளிப் போ, உள்ள தள்ளிப் போ'ன்னு கத்துறது?"

மெஷின் ஒரு நூல் தப்பாகக் கடைந்தாலும் அந்தக் கால் புண்ணாகிவிடும். அதனால், தெரிந்தவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டே செய்யலாம் என்று அளவுக்காரம்மா கிளம்பினாள். "வாங்க, நானும் வரேன்" என்று நடத்துநரும் கூடவே விந்தினார்.

*

பயனர் கழகம் ஒரு மரச்சாமான் கடையின் மாடியில் இருந்தது. நீளமான மேசை, சுற்றிலும் நாற்காலிகள், சுவரில் முன்னாள் தலைவர்களின் படங்கள். உள்ளே நாற்காலிகளை வட்டமாகப் போடுவதா வரிசையாகப் போடுவதா என்று விவாதம் நடந்துகொண்டிருந்தது. அளவுக்காரம்மா கதவருகே நின்று, தன் சந்தேகத்தைச் சொன்னாள்.

"எங்களை மாதிரி சாதாரணமா பயன்படுத்துறவங்களுக்கு அந்த ப்ரொஃபைலிங் லைப்ரரி தேவைங்களா? வேண்டாம்னா விட்டுட்டு அரைச்சுக்கறேன்."

தாடி வைத்த உறுப்பினர் ஒருவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். தலைவர் மெதுவாக எழுந்தார். வெள்ளைச் சட்டை, கனமான குரல்.

"நண்பர்களே, முப்பது வருஷமா நான் கம்பைல் பண்ணிட்டிருக்கேன். இது தேவையான்னு ஒருத்தர்கூட நம்மகிட்ட கேட்டதில்ல. நாமும் நம்மளைக் கேட்டுக்கிட்டதில்ல. கேட்காம இருந்ததாலதான் கழகம் இவ்வளவு ஒற்றுமையா இருக்கு. இன்னிக்கு ஒரு சாதாரணப் பயனர் படியேறி வந்து கேட்டிருக்காங்க. அதுக்கு உடனே பதில் சொல்றது, அவங்களை அவமானப்படுத்துற மாதிரி."

"பரவால்லீங்க, அவமானப்படுத்துங்க," என்றார் நடத்துநர். "எனக்கு ஷிஃப்டுக்கு நேரமாகுது."

யாரும் காதில் வாங்கவில்லை. கைதட்டல் ஓய்ந்ததும் செயலாளர் எழுந்தார். ஒல்லியான மனிதர், குரலும் ஒல்லி. கேள்வியில் மூன்று சிக்கல்கள் இருப்பதாக அவர் கண்டுபிடித்தார்: சாதாரணம் என்றால் என்ன, பயனர் என்றால் யார், தேவை என்றால் எது. அப்புறம், 'லைப்ரரி' என்கிற சொல்லைக் கழகத்தின் வளாகத்துக்குள் உச்சரிக்கக் கூடாது, 'நூலகம்' என்றே சொல்ல வேண்டும் என்று ஏற்கெனவே தீர்மானம் இருப்பதை நினைவூட்டினார். குழு அமைக்கப்பட்டது. தேநீர் வந்தது. அளவுக்காரம்மாவின் கேள்விக்கு நன்றி தெரிவித்து ஒரு தீர்மானம் நிறைவேறியது.

படி இறங்கும்போது நடத்துநர் கேட்டார்: "ஏம்மா, வேணுமா வேண்டாமா, என்னதான் சொன்னாங்க?"

"ரொம்ப நல்ல கேள்வின்னு சொன்னாங்க," என்றாள் அளவுக்காரம்மா.

*

குழு அவளைக் கூப்பிட்டு அனுப்பியது. மேசைக்கு அந்தப் பக்கம் செயலாளரும் தாடிக்காரரும். இந்தப் பக்கம் அவள் மட்டும். நடத்துநர் சாட்சி என்ற பெயரில் சுவரோரம் உட்கார்ந்து செருப்பைக் கழற்றிக் காலைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"கணினி நின்னப்போ திரையில ஒரு செய்தி வந்ததுன்னு சொன்னீங்க," என்று ஆரம்பித்தார் செயலாளர். "அதைப் படிச்சீங்களா?"

"படிச்சேன்."

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"முழுசாவா?"

"ஆமாங்க. எடமில்லைன்னு போட்டிருந்துச்சு."

"சாதாரணப் பயனர் பிழைச்செய்தியைப் படிக்க மாட்டாரே. ஐயோ, போச்சுன்னு மூடிடுவாரே."

"படிச்சது தப்பா?"

"தப்பில்லம்மா," என்றார் தாடிக்காரர் ஆறுதலாக. "ஆனா சாதாரணம் இல்ல."

சுவரோரத்திலிருந்து நடத்துநர் கையைத் தூக்கினார். "சார், நான் சுத்தமான சாதாரணம். கம்ப்யூட்டர்ல எந்தப் பக்கம் முன்பக்கம்னுகூடத் தெரியாது. என்னை வச்சு முடிச்சு விட்டுருங்களேன்."

"நீங்க பயனரே இல்ல," என்றார் செயலாளர். "பயன்படுத்தினாத்தான் பயனர். பயன்படுத்த ஆரம்பிச்சா கொஞ்சமாவது தெரிஞ்சுக்குவாங்க. தெரிஞ்சுக்கிட்டா சாதாரணம் போயிடும். இந்த முடிச்சை எப்படி அவிழ்க்கறதுன்னுதான் எங்களுக்குத் தூக்கமே வரல." சொல்லும்போது அவர் முகத்தில் அப்படி ஒரு பூரிப்பு.

கடைசியில், சந்தேகத்தின் பலனை அளித்து அவளைத் தற்காலிகச் சாதாரணப் பயனராக ஏற்றுக்கொண்டார்கள். விசாரணை முடிகிறவரை கணினியைத் தொடக் கூடாது, தொட்டால் அனுபவம் கூடிவிடும் என்று எச்சரித்து அனுப்பினார்கள்.

அவளும் தொடாமல் இருந்தாள். அதுதான் பாவம். பெரிய இடத்தில் ஒரு விஷயம் கேட்டாகிவிட்டது. பதில் வருமுன் கை வைத்தால் மரியாதையாக இருக்காது என்று நினைத்தாள். கடைக்கு வந்தவர்களையெல்லாம் அடுத்த வாரம் வாருங்கள் என்று திருப்பி அனுப்பினாள். போகிறவர்களின் முதுகைப் பார்க்க மனசு வராமல், அவர்கள் நடக்கிற நடையைக் கேட்டுக்கொண்டு உள்ளேயே நின்றாள்.

*

கழகம் இதற்குள் இரண்டாகப் பிளந்திருந்தது. தாடிக்காரர் தலைமையில் தேவைக்காரர்கள். செயலாளர் தலைமையில் வேண்டாக்காரர்கள். மேசையின் இரண்டு பக்கமும் தனித்தனித் தேநீர்க் குடுவைகள் வந்துவிட்டன. தகராறு முற்றவே, மக்களிடமே போவோம் என்று தலைவர் முடிவு செய்தார். தெருவெல்லாம் சுவரொட்டி ஒட்டினார்கள்:

'சாதாரண மக்களுக்கு நூலகம் தேவையா? திறந்த விவாதம். அனைவரும் வருக.'

மறுநாள் காலை அளவுக்காரம்மாவின் கடைக்குள் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை ஒருவர் புயலாக நுழைந்தார். தட்டைப்பாதம், பல வருஷ வாடிக்கை.

"நூலகம் எதுக்குன்னு கேட்டது நீதானாமே? உன்னைப் போய் நல்லவள்னு நெனைச்சேனே! ஏழைப் பிள்ளைங்க படிக்கிறது உன் கண்ணை உறுத்துதா?"

"ஐயோ டீச்சர், அது புத்தகம் வைக்கிற நூலகம் இல்ல. கம்ப்யூட்டருக்குள்ள..."

"கம்ப்யூட்டர் வந்தா நூலகம் எதுக்குன்னு எல்லாரும் இப்படித்தான் பேசறாங்க. இனிமே உன் கடையில நான் காலே வைக்கமாட்டேன்!"

செருப்புக் கடைக்காரிக்கு இதைவிடப் பெரிய சாபம் கிடையாது. வீட்டுக்காரர் ஆணிகளைத் துப்பிவிட்டு, "நீ என்னதான் கேட்டு வச்ச?" என்று கவலையோடு விசாரித்தார்.

விவாத நாளன்று மாடி கொள்ளவில்லை. படிக்கட்டிலும் தெருவிலும் கூட்டம். ஆசிரியையின் பழைய மாணவர்கள், தாத்தாக்கள், கைக்குழந்தைக்காரிகள். "நூலகத்தைத் தொடாதே!" என்ற கோஷத்தில் மரச்சாமான் கடையின் அலமாரிக் கண்ணாடிகள் அதிர்ந்தன. தலைவர் ஒலிபெருக்கியில், "நூலகம் தேவை என்பவர்கள் கையைத் தூக்கலாம்" என்றார். தூக்காத கை ஒன்றுகூட இல்லை. வேண்டாக்காரர்களும் வீட்டுக்குப் பத்திரமாகப் போய்ச் சேர வேண்டுமே என்று தூக்கினார்கள். அளவுக்காரம்மாவும் தூக்கினாள், அவளுக்கும் புத்தக நூலகம் பிடிக்கும்.

"மக்கள் நம்ம பக்கம்!" என்று தாடிக்காரர் கண் கலங்கினார்.

அளவுக்காரம்மா கூட்டத்தை விலக்கிக்கொண்டு தலைவரிடம் போனாள். "அவங்க வேற நூலகத்தைச் சொல்றாங்க சார். நீங்களாவது எடுத்துச் சொல்லக் கூடாதா?"

தலைவர் அவளைப் பரிதாபமாகப் பார்த்தார். "அம்மா, வாழ்க்கையில முதல் தடவையா நம்ம கூட்டத்துக்கு ஜனங்க வந்திருக்காங்க. விளக்கம் சொல்லி அவங்களை விரட்டணுமா?"

*

செயலாளர் விடவில்லை. வந்தவர்களில் ஒருவர்கூடப் பயனர் இல்லை, முடிவு செல்லாது என்றார். அப்போது தாடிக்காரருக்கு ஒரு யோசனை உதித்தது. அளவீட்டின் அருமை தெரிய வேண்டுமானால் கழகம் தன்னையே அளந்து பார்க்கட்டும். கூட்டத்தில் எங்கே நேரம் போகிறது என்று கண்டுபிடிப்போம்.

உறுப்பினர் எல்லோருக்கும் நிறுத்துகடிகாரம் கொடுக்கப்பட்டது. பேச ஆரம்பிக்குமுன் "தொடங்குகிறேன்" என்று உரக்கச் சொல்லிக் கடிகாரத்தை அமுக்க வேண்டும். முடித்ததும் "முடித்தேன்". இருமினால் "இருமல் தொடக்கம்", "இருமல் முடிவு". ஒருவர் தும்மியபோது அதை இருமல் கணக்கில் சேர்ப்பதா என்று தகராறு வந்து, அந்தத் தகராறையும் மூன்று பேர் அளந்தார்கள்.

முடிவைத் தாடிக்காரரே வாசித்தார். பெரும்பகுதி நேரம் கடிகாரத்தை அமுக்குவதில் போயிருந்தது. மிச்சத்தில் பாதி, சரியாக அமுக்கினோமா என்ற சண்டையில். அளவுக்காரம்மாவின் கேள்விக்குப் போன நேரம், கடிகாரத்தில் பதிகிற அளவுக்கு இல்லை.

"பார்த்தீங்களா?" தாடிக்காரரின் குரல் தழுதழுத்தது. "அளந்து பார்க்கலேன்னா, அளக்கிறதுலதான் நம்ம நேரமெல்லாம் போகுதுங்கிற இந்த உண்மை நமக்குத் தெரிஞ்சே இருக்காது!"

எழுந்து நின்று கைதட்டினார்கள். கைதட்டலையும் யாரோ அளந்தார்.

அன்று நடத்துநர் வரவில்லை. சாயங்காலம் கடைக்கு வந்து நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தார். நடைப் பரிசோதனைக்கு நாள் குறித்துவிட்டார்கள். வாரக் கடைசி. அவர் வழக்கமான சத்தத்தில் பேசவில்லை.

"கிடங்குக்காரன் எனக்கு மேசைகூடத் துடைச்சு வச்சுட்டான்மா," என்றார். "நல்ல பையன். அதான் கஷ்டமா இருக்கு."

ரப்பர் செருப்பு வார் அறுத்த இடத்தில் அவர் காலில் தோல் உரிந்திருந்தது. அளவுக்காரம்மா மருந்து தடவிப் பஞ்சு வைத்துக் கட்டிவிட்டாள். கட்டி முடிக்கிறவரை அவள் நிமிர்ந்து பார்க்கவில்லை.

*

இறுதித் தீர்ப்புக் கூட்டத்துக்கு அவள் முன்னதாகவே போய்விட்டாள். படிக்கட்டுத் திருப்பத்தில் தாடிக்காரர் நின்றுகொண்டிருந்தார். இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு அருகே வந்தார்.

"உங்களைப் பார்த்தா பாவமா இருக்கும்மா. ஒண்ணு சொல்றேன், வெளியில விட்டுடாதீங்க. நான் வீட்ல அந்த வரியைப் போட்டு அதை விட்டுட்டுத்தான் கம்பைல் பண்றேன். எவ்வளவு நேரந்தான் காத்திருக்கிறது?"

"அப்புறம் ஏன் சார் தேவை, தேவைன்னு..."

"அது கொள்கை." சொல்லிவிட்டு விறுவிறுவென்று மேலே ஏறிப் போய்விட்டார்.

மாடியில் தேநீர்க் குடுவையருகே செயலாளர். அவரும் குரலைத் தாழ்த்தினார். "தாடிக்காரர்கிட்ட சொல்லிடாதீங்க. நான் வேண்டாம்னு பேசினாலும் என் கணினியில அது இருக்கு. எடுக்கற வரி எதுன்னு எனக்குத் தெரியாது. இந்தப் பதவியில இருந்துக்கிட்டு யார்கிட்ட போய்க் கேக்கறது?"

உள்ளே போனால் தலைவர் தனியாக உட்கார்ந்து உரையை மனப்பாடம் செய்துகொண்டிருந்தார். அவரையும் விடுவானேன் என்று கேட்டுவிட்டாள். "சார், நீங்க வீட்ல எப்படி?"

தலைவர் கதவைப் பார்த்தார். "நான் கம்பைல் பண்றதையே விட்டு ரொம்ப வருஷமாச்சு. ரெடியா அரைச்சது கிடைக்குது, எடுத்துப் போட்டுக்கறேன். யாராவது கேட்டா முப்பது வருஷம்னு சொல்றேன். ஆரம்பிச்சு முப்பது வருஷம் ஆனது நிஜந்தானே?"

கூட்டம் கூடியது. தலைவர் எழுந்தார்.

"ஆழ்ந்த பரிசீலனைக்குப் பின் கழகம் ஒருமனதாகத் தீர்ப்பளிக்கிறது. சாதாரணப் பயனருக்கு இந்த நேர அளவீட்டு நூலகம் தேவையில்லை."

அளவுக்காரம்மா பெருமூச்சு விட்டு, பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

"உட்காருங்கம்மா, இன்னும் முடியல. இந்த விசாரணையில முதல் நாள்லேருந்து கலந்துக்கிட்டவங்க நீங்க. ரெண்டு தரப்பு வாதமும் உங்களுக்கு அத்துப்படி. இந்த ஊர்ல இந்த விஷயத்தைப் பத்தி இவ்வளவு தெரிஞ்ச பயனர் வேற ஆள் கிடையாது. இனிமே உங்களைச் சாதாரணம்னு சொன்னா உங்களுக்கும் இழுக்கு, எங்களுக்கும் இழுக்கு. அதனால..." தலைவர் கனிவாகச் சிரித்தார். "உங்களுக்கு மட்டும் தேவை."

கைதட்டினார்கள். செயலாளர் ஒரு பேட்ஜை அவளுக்குக் குத்திவிட வந்தார்.

"முதல் நாளே வேண்டாம்னு சொல்லியிருந்தா, நான் சாதாரணமாவே இருந்திருப்பேனே சார்?"

"ஆமா," என்றார் தலைவர். "ஆனா அப்ப உங்க மேல எங்களுக்கு இவ்வளவு மதிப்பு வந்திருக்காது."

அளவுக்காரம்மா பேட்ஜை வாங்கி மேசை மேலேயே வைத்தாள். கத்தவில்லை, அழவில்லை. நேராகக் கடைக்கு வந்து, வட்டில் இருந்ததையெல்லாம் அழித்துவிட்டு, அமைப்புக் கோப்பைத் திறந்து நாத்தனார் சொன்ன அந்த ஒரு வரியைப் போட்டாள். மறுநாள் முழுக்கக் கணினி அரைத்தது. போன தடவை நின்ற இடத்தைத் தாண்டியபோது, வீட்டுக்காரர் தையலை நிறுத்திவிட்டுப் பக்கத்தில் வந்து நின்றார். வெயில் சாய்வதற்குள் எல்லாம் முடிந்து, ஒன்றுமே நடக்காதது போலத் திரை காத்திருந்தது.

நடத்துநரின் பாதப் படத்தைத்தான் முதலில் கணினிக்குக் கொடுத்தாள். நிறுத்துகிற பொத்தானிலேயே விரலை வைத்துக்கொண்டு மெஷினைப் பார்த்திருந்தாள். அது ஒழுங்காகக் கடைந்தது. எடுத்துத் தடவிப் பார்த்தாள். வளைய வேண்டிய இடத்தில் வளைந்திருந்தது, குழிய வேண்டிய இடத்தில் குழிந்திருந்தது. வீட்டுக்காரர் அன்றே தைத்து முடித்தார். நடத்துநர் போட்டுக்கொண்டு தெருக்கோடி வரை போனார். திரும்பி வரும்போது பாதி வழியில் ஓட ஆரம்பித்தார். வாசலில் வந்து நின்று, தெரு முழுக்கக் கேட்கும்படி "ரைட், போலாம்!" என்று கத்தினார். வாரக் கடைசியில் மேலாளர் அவரை மேலும் கீழும் நடக்கவிட்டுப் பார்த்து, இதற்கா இவ்வளவு பேச்சு என்று அனுப்பிவிட்டார்.

அதன்பின் கொஞ்ச காலம் கழித்து, கழகத் தலைவர் கடைக்கு வந்தார். குதிகால் வலி. ஊரில் எல்லோரும் இங்கேதான் போகச் சொன்னார்களாம். அளவுக்காரம்மா முகம் சுளிக்காமல் உட்கார வைத்தாள். இரண்டு பாதத்தையும் கண்ணாடித் தட்டில் வைக்கச் சொல்லிப் படம் எடுத்தாள். கையால் அழுத்திப் பார்த்தாள். அவர் போட்டிருந்த செருப்பைத் திருப்பித் தேய்மானம் பார்த்தாள்.

"எனக்குத் தனியா உள்ளடி செஞ்சு போட வேண்டியிருக்குமா?" என்று கேட்டார் தலைவர்.

"வேண்டாம்."

தலைவர் காத்திருந்தார். அவள் கையைத் துடைத்துக்கொண்டாள்.

"வேண்டாமா?"

"வேண்டாம் சார். இந்தச் செருப்பு தேஞ்சு போச்சு. வேற நல்லதா ஒண்ணு வாங்கிப் போடுங்க, சரியாயிடும்."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

தலைவர் மெதுவாகச் செருப்பை மாட்டிக்கொண்டு எழுந்தார். முகத்தில் ஏமாற்றம் அப்பட்டமாகத் தெரிந்தது. வாசல் வரை போனவர் திரும்பி, வீட்டுக்காரரிடம் மனத்தாங்கலோடு சொன்னார்:

"ரொம்ப அவசரப்படறாங்க. கொஞ்சமாவது யோசிச்சுச் சொன்னாத்தானே ஒரு நம்பிக்கை வரும்?"